கடலில் எறிந்த பீரங்கியும் ஒரு பக்கெட் சோடாத் தண்ணீரும்

பரணில் கிடக்கும் பழைய அரிவாள், தாத்தா காலத்துப் பூட்டு, கொல்லைப்புறத்தில் மழையில் நனைந்த ஸ்பேனர். இவற்றை எடுத்துப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் ஒரே தீர்ப்புதான் சொல்வார்கள்: "துருப் பிடிச்சிடுச்சு, பழைய இரும்புக்காரனுக்குப் போடு." கொஞ்சம் பொறுமைசாலிகள் உப்புத்தாளால் தேய்ப்பார்கள். இன்னும் சிலர் ஆசிட் ஊற்றுவார்கள். துரு போகும், கூடவே நல்ல இரும்பும் கொஞ்சம் போகும்.

இதற்கு இன்னொரு வழி இருக்கிறது. ஒரு பிளாஸ்டிக் பக்கெட், தண்ணீர், ஒரு கைப்பிடி சலவை சோடா, ஒரு பேட்டரி சார்ஜர், வேண்டாத ஓர் இரும்புத் துண்டு. இவ்வளவுதான் சரக்கு. ராத்திரி போட்டு வைத்தால் காலையில் துரு கழன்று நிற்கும். பள்ளிக்கூடப் புத்தகத்தில் 'மின்னாற்பகுப்பு' என்று படித்து, பரீட்சை முடிந்ததும் மறந்துபோன அதே விஷயம்தான்!

சுலபமான கைவேலை போலத் தெரியும் இந்த முறைக்குப் பின்னால் இருநூறு ஆண்டுக் கதை ஒன்று இருக்கிறது. அது ஆய்வுக்கூடத்தில் தொடங்கவில்லை. நடுக்கடலில், ஓர் இரவில் தொடங்குகிறது.

1770, ஜூன் 11

ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரை. கேப்டன் ஜேம்ஸ் குக்கின் 'எண்டெவர்' கப்பல் நிலா வெளிச்சத்தில் வடக்கு நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. இரவு சுமார் 11 மணிக்குக் கப்பல் பவளப் பாறையில் மோதி உட்கார்ந்துவிட்டது. அடிப்பக்கம் கிழிந்து தண்ணீர் உள்ளே வரத் தொடங்கியது.

மோதிய நேரம் கடல் ஏற்றம் உச்சத்தில் இருந்த நேரம். அதாவது, தண்ணீர் இனிமேல் குறையத்தான் செய்யும். கப்பல் தானாக மிதந்து வெளிவர வழியில்லை. எடையைக் குறைப்பது ஒன்றுதான் வழி. அடிப்பாரமாக வைத்திருந்த இரும்பும் கல்லும், பீப்பாய்கள், எண்ணெய் ஜாடிகள், கெட்டுப்போன சரக்குகள் எல்லாம் கடலுக்குள் போயின. மேல்தளத்தில் இருந்த ஆறு பீரங்கிகளும் போயின. ஒவ்வொன்றும் அரை டன்னுக்கு மேல் எடை உள்ள வார்ப்பிரும்பு. மொத்தம் 40, 50 டன் எறியப்பட்டதாகக் குக் எழுதி வைத்திருக்கிறார்.

கேப்டன் முதல் கடைநிலை மாலுமி வரை எல்லோரும் முறைவைத்துத் தண்ணீர் இறைத்தார்கள். அவர்களில் 27 வயது இளைஞர் ஒருவரும் இருந்தார். பெயர் ஜோசப் பாங்க்ஸ். பெரிய பணக்காரர், தாவரங்கள் மேல் தீராத ஆசை கொண்டவர். செடி சேகரிக்க வந்தவர், உயிர் பிழைக்கப் பம்பு அடித்தார். கிட்டத்தட்ட ஒரு நாள் கழித்து, அடுத்த இரவு ஏற்றத்தில் கப்பல் மிதந்தது. ஓட்டையைத் தற்காலிகமாக அடைத்துக் கரை சேர்த்தார்கள். அவர்கள் கப்பலைப் பழுதுபார்த்த ஆற்றங்கரையில்தான் இன்று குக்டவுன் என்ற ஊர் இருக்கிறது.

பீரங்கிகள் மட்டும் கடலடியில் தங்கிவிட்டன. பாங்க்ஸை மறந்துவிட வேண்டாம். அவர் மறுபடியும் வருவார்.

லண்டனுக்கு வந்த கடிதம்

முப்பது ஆண்டுகள் ஓடிவிட்டன. பாங்க்ஸ் இப்போது சர் ஜோசப் பாங்க்ஸ், லண்டன் ராயல் சொசைட்டியின் தலைவர். 1800 மார்ச் 20 தேதியிட்ட கடிதம் ஒன்று இத்தாலியிலிருந்து அவருக்கு வந்தது. எழுதியவர் அலெஸ்சாண்ட்ரோ வோல்டா. வெள்ளித் தகடு, துத்தநாகத் தகடு, இடையில் உப்புத் தண்ணீரில் நனைத்த அட்டை. இப்படி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் மின்சாரம் விடாமல் ஓடுகிறது என்பதுதான் செய்தி. உலகின் முதல் பேட்டரி!

பாங்க்ஸ் அந்தக் கடிதத்தை அந்தோனி கார்லைல் என்ற மருத்துவரிடம் காட்டினார். கார்லைல் தன் நண்பர் வில்லியம் நிக்கல்சனோடு சேர்ந்து அதேபோல் ஓர் அடுக்கைச் செய்தார். 1800 மே மாதத் தொடக்கத்தில், அந்த அடுக்கிலிருந்து வந்த இரண்டு பித்தளைக் கம்பிகளைத் தண்ணீருக்குள் விட்டார்கள். ஒரு கம்பியிலிருந்து பொடிப்பொடியாகக் குமிழிகள் கிளம்பின. அது ஹைட்ரஜன். மற்றொரு கம்பியில் குமிழி வரவில்லை. அது நிறம் மாறி அரிக்கத் தொடங்கியது.

இந்தக் காட்சியைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கம்பி சுத்தமாகக் குமிழி விடுகிறது, இன்னொரு கம்பி அரிக்கப்படுகிறது. பக்கெட்டில் துரு எடுக்கும் முறை முழுவதும் இந்த ஒரு காட்சிக்குள் அடங்கிவிடுகிறது. வணிகவியல் படிப்பவர்களுக்கு இது புதிதல்ல. ஒரு கணக்கில் வரவு என்றால் இன்னொரு கணக்கில் பற்று இருந்தே ஆக வேண்டும். மின்சாரத்தின் பேரேடும் அப்படித்தான். ஒன்று காப்பாற்றப்பட வேண்டுமானால் இன்னொன்று விலை கொடுத்தாக வேண்டும்.

பீரங்கி கடலில் விழுந்தபோது அந்தக் கப்பலில் இருந்த மனிதரின் கையில், அதை மீட்கப்போகும் கருவியின் முதல் செய்தி வந்து சேர்ந்திருந்தது. அது அவருக்கும் தெரியாது, வோல்டாவுக்கும் தெரியாது.

ஜெயித்துத் தோற்ற டேவி

1820-ல் பாங்க்ஸ் காலமானார். அதே ஆண்டு இறுதியில் ராயல் சொசைட்டியின் தலைவரானவர் ஹம்ப்ரி டேவி. மின்சாரத்தைப் பாய்ச்சி 1807-ல் சோடியம், பொட்டாசியம் இரண்டையும் பிரித்துக் காட்டியவர்.

அப்போது பிரிட்டிஷ் கடற்படைக்கு ஒரு தலைவலி இருந்தது. மரக்கப்பல்களின் அடிப்பக்கத்தைப் புழு துளைக்காமல் இருக்கச் செப்புத் தகடு போர்த்துவார்கள். கடல்நீர் அந்தச் செம்பை அரித்துத் தின்றது. தகடு மாற்றும் செலவு கட்டுப்படியாகவில்லை. வழி கேட்டுக் கடற்படை ராயல் சொசைட்டியிடம் வந்தது.

டேவி யோசித்தார். செம்போடு இரும்பையோ துத்தநாகத்தையோ தொடும்படி வைத்தால்? கடல்நீர் முதலில் அந்த இரும்பைத்தான் தின்னும், செம்பு தப்பிக்கும். 1824-ல் ஆய்வுக்கூடத்தில் செய்து பார்த்தார், அருமையாக வேலை செய்தது. செம்பின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு அளவு இரும்பே போதுமானதாக இருந்தது. கப்பல்களில் பொருத்திப் பார்த்தார்கள். அவற்றில் ஒன்று 'சமராங்', நம் பக்கத்துக் கொச்சியில் தேக்கு மரத்தால் கட்டப்பட்ட போர்க்கப்பல்.

செம்பு அரிக்கவே இல்லை. டேவி ஜெயித்துவிட்டார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் கப்பல்கள் திரும்பி வந்தபோது அடிப்பக்கம் முழுக்கப் பாசியும் சிப்பிகளும் அப்பிக்கிடந்தன. கப்பல் வேகமாக நகரவே முடியவில்லை. காரணம் எளிது. செம்பு மெல்லக் கரைவதால்தான் அதன் நஞ்சு கடல் உயிரிகளை அண்டவிடாமல் தடுத்திருக்கிறது. அரிப்பை நிறுத்தியதும் அந்தக் காவலும் நின்றுபோனது! 1825-ல் கடற்படை அந்த இரும்புகளைக் கழற்றச் சொல்லிவிட்டது. டேவிக்கு இது பெரிய அவமானம்.

ஆனால் அவருடைய கணக்கு தப்பவில்லை, பயன்படுத்திய இடம்தான் தப்பு. இன்று இரும்புக் கப்பல்களின் அடியில் துத்தநாகக் கட்டிகளைப் பொருத்துகிறார்கள். பூமிக்கடியில் போகும் எண்ணெய்க் குழாய்களையும் இதே தத்துவத்தில்தான் காக்கிறார்கள். 'நான் அரிந்து போகிறேன், நீ பிழைத்துக்கொள்' என்று நிற்கும் உலோகத்துக்குப் 'பலி உலோகம்' என்றே பெயர்.

டேவியின் உதவியாளராக இருந்தவர் மைக்கேல் பாரடே, புத்தகம் பைண்டிங் செய்யும் கடையில் வேலை பார்த்து, அங்கே வந்த புத்தகங்களைப் படித்தே விஞ்ஞானி ஆனவர். எவ்வளவு மின்சாரம் பாய்கிறதோ அவ்வளவு வேதிமாற்றம் நடக்கும் என்று கணக்காகச் சொன்னவர் அவர்தான். எலக்ட்ரோலிசிஸ், ஆனோட், கேத்தோடு என்ற சொற்களும் 1834-ல் அவர் வழியாகப் புழக்கத்துக்கு வந்தவை. தமிழில் நாம் மின்னாற்பகுப்பு, நேர்மின்வாய், எதிர்மின்வாய் என்கிறோம்.

பெர்லினிலும் சென்னையிலும்

இதுவரை நடந்ததெல்லாம் புதிய உலோகத்தைப் பற்றிய கவலை. பழைய உலோகத்தை மீட்கும் யோசனை அருங்காட்சியகங்களில்தான் பிறந்தது. 1888-ல் பெர்லினின் அரச அருங்காட்சியகங்கள் பிரெடரிக் ராத்கன் என்ற வேதியியலாளரை வேலைக்கு அமர்த்தின. எகிப்திலிருந்து வந்த வெண்கலப் பொருட்கள் கண்ணாடிப் பெட்டிக்குள்ளேயே பச்சை பூத்துப் பொடியாகிக்கொண்டிருந்தன. ராத்கன் அவற்றைக் காரக் கரைசலில் வைத்து மின்சாரம் பாய்ச்சிக் காப்பாற்றினார். தன் அனுபவங்களை 1898-ல் புத்தகமாகவும் போட்டார்.

சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கும் இதில் பங்கு உண்டு. 1930-ல் அங்கே ஒரு வேதியியல் பாதுகாப்புக் கூடம் தொடங்கப்பட்டது. இந்திய அருங்காட்சியகங்களில் இதுதான் முதல். எஸ். பரமசிவன் என்ற வேதியியலாளர் அங்கே மண்ணுக்கடியில் கிடந்து அரித்துப்போன செப்புத் திருமேனிகளை மின்னாற்பகுப்பு முறையில் சீர்செய்தார்.

இந்த முறைக்கு ஒரு குறையும் உண்டு. பழைய வெண்கலத்தின் மேல் படிந்த பச்சைப் படலத்திலேயே சில நேரம் நுணுக்கமான செதுக்கல் தங்கியிருக்கும். மின்சாரம் படலத்தை உரித்தால் அந்தச் செதுக்கலும் போய்விடும். போனது திரும்பாது. அதனால் வெண்கலத்துக்கு இதைப் பயன்படுத்துவதில் பிற்காலத்தில் எச்சரிக்கை கூடியது. ஆனால் கடலில் கிடந்த இரும்புக்கு இதைவிட நல்ல வைத்தியர் கிடைப்பது கடினம்.

199 ஆண்டுகள் கழித்து

1969 ஜனவரி. அமெரிக்காவின் பிலடெல்பியா இயற்கை அறிவியல் கழகத்தின் குழு ஒன்று எண்டெவர் மோதிய பாறைக்கு வந்தது. காந்தப்புல மாற்றத்தை அளக்கும் கருவியோடு தேடினார்கள். பவளம் மூடிக் கிடந்த ஆறு பீரங்கிகளும் கிடைத்தன! ஒன்றுகூட விடுபடவில்லை.

கதை இங்கே முடிந்திருக்கலாம். உண்மையில் ஆபத்து இங்கேதான் தொடங்கியது.

வார்ப்பிரும்பு கடலில் கிடக்கும்போது இரும்பு மெல்ல மெல்ல வெளியேறிவிடும். உள்ளே இருக்கும் கிராபைட் மட்டும் ஒரு பஞ்சு மாதிரி அதே வடிவத்தில் நிற்கும். பார்ப்பதற்குப் பீரங்கி அப்படியே இருப்பதுபோல் தெரியும். ஆனால் மேல் அடுக்கு முழுக்கக் கடல் உப்பின் குளோரைடு ஊறியிருக்கும். கடலடியில் ஆக்சிஜன் குறைவு, அதனால் அரிப்பும் மெதுவாக நடந்தது. மேலே கொண்டுவந்து காற்றில் உலர வைத்தால் அவ்வளவுதான். குளோரைடும் ஈரமும் ஆக்சிஜனும் கைகோத்துக்கொள்ளும். இரும்பு விரிசல் விட்டு, செதில் செதிலாக உதிரும். கடலிலிருந்து எடுத்த பழைய பீரங்கிக் குண்டுகள் காற்றுப் பட்டதும் சூடேறிய சம்பவங்களும் உண்டு. இருநூறு ஆண்டு கடலில் தாங்கிய பொருள், கரையில் சில மாதம் தாங்காது. எடுப்பது சுலபம், காப்பாற்றுவதுதான் பெரும்பாடு.

பீரங்கிகள் மெல்போர்ன் நகரின் மரிபிர்னாங் பகுதியில் இருந்த பாதுகாப்புத் துறை ஆய்வுக்கூடத்துக்குப் போயின. முதலில் சுத்தியலால் தட்டிப் பவள ஓட்டை உடைத்து எடுத்தார்கள். பிறகு ஒவ்வொன்றையும் காஸ்டிக் சோடாக் கரைசலில் இறக்கினார்கள். பீரங்கியை மின்சாரத்தின் எதிர்முனையில் இணைத்து, சுற்றிலும் நேர்முனையை வைத்து, மிகக் குறைந்த மின்னோட்டத்தைப் பாய்ச்சினார்கள். குளோரைடு எதிர்மின்னேற்றம் கொண்டது. அதனால் அது பீரங்கியை விட்டு நேர்முனையை நோக்கி மெல்ல வெளியே வந்தது. கரைசலில் குளோரைடு வருவது நிற்கும்வரை பொறுமையாக நடத்தினார்கள். பிறகு கழுவி, உலர்த்தி, இனி ஈரம் புகாதபடி மெழுகை ஊட்டினார்கள்.

ஆறும் பிழைத்தன. ஒன்று குக்டவுனுக்கு, ஒன்று நியூசிலாந்தின் வெலிங்டனுக்கு, ஒன்று கண்டுபிடித்த பிலடெல்பியாவுக்கே, மற்றவை ஆஸ்திரேலியா, இங்கிலாந்து அருங்காட்சியகங்களுக்கு என்று பிரிந்து போயின. பாங்க்ஸுக்குக் கடிதமாக வந்த மின்சாரம், பாங்க்ஸின் கப்பல் பீரங்கியைக் காப்பாற்றிவிட்டது.

இந்தப் பொறுமை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இன்னோர் உதாரணம். அமெரிக்க உள்நாட்டுப் போரில் புகழ்பெற்று, 1862 டிசம்பர் 31 அதிகாலையில் புயலில் மூழ்கிய இரும்புக் கப்பல் 'மானிட்டர்'. அதன் சுழலும் பீரங்கிக் கோபுரத்தை 2002-ல் வெளியே எடுத்தார்கள். இருபது ஆண்டுகள் ஆன பிறகும் கோபுரத்துக்கான சிகிச்சை முடியவில்லை!

பக்கெட்டுக்குள் என்ன நடக்கிறது?

நம் வீட்டு அரிவாளுக்கு அவ்வளவு காலம் தேவையில்லை. அது கடலில் கிடக்கவில்லை, உப்பும் ஆழமாக ஊறவில்லை. ஆனால் நடப்பது அதே வேலைதான்.

துரு என்பது இரும்பு, ஆக்சிஜன், நீர் மூன்றும் சேர்ந்த பொருள். அரிவாளை எதிர்முனையில் இணைக்கும்போது அதற்கு எலக்ட்ரான்கள் வரவாகின்றன. செந்நிறத் துருவில் ஒரு பகுதி கருப்பான மேக்னடைட்டாக மாறுகிறது. இரும்பின் மேல் ஹைட்ரஜன் குமிழிகள் கிளம்பி, இளகிய துருவைத் தள்ளிவிடுகின்றன. அந்தப் பக்கம் நேர்முனையில் இருக்கும் வேண்டாத இரும்பு அரிந்து, துருவேறி, பற்றுக் கணக்கைத் தீர்க்கிறது.

"துரு மறுபடியும் இரும்பாகிவிடும்" என்று சிலர் சொல்வார்கள். அது சரியல்ல. துருவாகிப்போன இரும்பு கெட்டியான உலோகமாகத் திரும்பி வந்து ஒட்டாது. துரு தின்ற குழி குழியாகவே இருக்கும். இந்த முறையின் லாபம் வேறு: மிச்சமிருக்கும் நல்ல இரும்பில் இது கை வைப்பதில்லை. உப்புத்தாளுக்கும் ஆசிடுக்கும் நல்லது கெட்டது தெரியாது.

வீட்டில் செய்து பார்ப்பவர்களுக்கு

1. பக்கெட் பிளாஸ்டிக்காக இருக்க வேண்டும். ஐந்து லிட்டர் தண்ணீருக்கு ஒன்றிரண்டு மேசைக்கரண்டி சலவை சோடா போதும். இது சமையல் சோடா அல்ல, துணி வெளுக்கும் சோடா. கையுறை போட்டுக்கொள்வது நல்லது.

2. 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் எதிர்முனையைத் (−) துருப்பிடித்த பொருளில் மாட்டவும். மாட்டும் இடத்தில் மட்டும் துருவைச் சுரண்டிவிட்டால் மின்சாரம் நன்றாகப் பாயும்.

3. நேர்முனையை (+) வேண்டாத சாதாரண இரும்பில் மாட்டவும். கட்டட வேலையில் மிஞ்சிய கம்பித் துண்டு போதும். இரண்டும் ஒன்றையொன்று தொடக் கூடாது. முனைகளை மாற்றி மாட்டினால் அரிவாள்தான் பலியாகும்!

4. எல்லாம் மாட்டிய பிறகே சுவிட்சைப் போடவும். தண்ணீரில் கை வைக்கும் முன் சுவிட்சை அணைக்கவும். ஈரக் கையோடு மின்சாரம் பக்கம் போகாதீர்கள்.

5. திறந்த வெளியில் செய்யவும். வெளிவரும் ஹைட்ரஜன் தீப்பற்றக்கூடியது. பக்கத்தில் பீடி, சிகரெட், அடுப்பு எதுவும் வேண்டாம்.

6. சோடாவுக்குப் பதில் சாப்பாட்டு உப்பைப் போடவே கூடாது. நச்சான குளோரின் வாயு வரும். பீரங்கியிலிருந்து மாதக்கணக்கில் வெளியேற்றிய அதே குளோரைடை நாமே உள்ளே ஊட்டியதாகவும் ஆகும்.

7. நேர்முனையில் எவர்சில்வர் வேண்டாம். அதிலுள்ள குரோமியம் நச்சுப் பொருளாகக் கரைசலில் இறங்கும். பளபளவென்று அரியாமல் இருக்கிறதே என்று ஆசைப்பட வேண்டாம்.

8. அலுமினியப் பொருளை இந்தக் கரைசலில் போடக் கூடாது, அரித்துவிடும். ஸ்பிரிங் போன்ற கடினமாக்கிய எஃகும் வேண்டாம். ஹைட்ரஜன் புகுந்து உடையும்தன்மை வந்துவிடும்.

சில மணி நேரமோ ஓர் இரவோ கழித்து எடுத்தால் பொருள் கருப்புச் சேறு பூசியதுபோல் இருக்கும். பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, உடனே துடைத்து உலர்த்தி எண்ணெய் பூச வேண்டும். சுத்தமான இரும்பு காற்றுப் பட்டால் சில நிமிடங்களிலேயே மறுபடி செம்மை தட்டும். மெல்போர்னில் மெழுகு, நம் வீட்டில் தேங்காய் எண்ணெய். அவ்வளவுதான் வித்தியாசம்.

கணக்குப் புத்தகத்தில் இயந்திரத்துக்கு ஆண்டுதோறும் தேய்மானம் எழுதுகிறோம். ஒருநாள் மதிப்பு பூஜ்யமாகிவிடும், பொருள் குப்பைக்குப் போகும். அந்தக் கணக்கில் எழுதாமல் விட்டது ஒன்று உண்டு: மதிப்பு போனாலும் பொருள் செத்துவிடுவதில்லை. துருவுக்கு அடியில் இன்னும் இரும்பு இருக்கிறதா என்பதுதான் கேள்வி. குக் தூக்கி எறிந்தபோது அந்தப் பீரங்கிகளின் மதிப்பும் பூஜ்யம்தான்.

அடுத்த முறை பழைய இரும்புக்காரரின் மணிச் சத்தம் தெருவில் கேட்டால், பரணில் இருக்கும் அந்த அரிவாளை ஒரு தடவை சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக ஒரு கோடு மின்னினால், அதற்கு இன்னும் ஒரு பக்கெட் தண்ணீரும் ஓர் இரவும்தான் தேவை.